பனிமலைச் செம்மலும் சீவரத்து மணலும்

உலக மக்கள் அனைவருக்கும் பணிவுடன் அறிவிப்பது: தென் துருவத்தில் ஒரு பனிப்பாளம் முப்பதாயிரம் ஆண்டுகள் காணாமல் போயிருந்ததாகக் காஞ்சிபுரத்திலிருந்து வெளியான கண்டுபிடிப்பு இதன்மூலம் திரும்பப் பெறப்படுகிறது. பனி எங்கும் போகவில்லை. இருந்த இடத்தில்தான் இருந்தது. அதைப் போக வைத்தவன் நான். பெயர் ராஜகோபால், வயது ஐம்பத்து நான்கு, வீடு சின்ன காஞ்சிபுரம், வேலை கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஸ்டோர் கீப்பர்.

இன்ஸ்பெக்டர் அம்மா, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். காகிதம் கொடுத்தீர்கள். ஃபேனையும் என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். முப்பது வருஷம் வேலை பார்த்த இடத்தில் எனக்காக யாரும் ஃபேனைத் திருப்பியதில்லை. ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிற்பாடு உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். ஆகாயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் ராப்பகலாகப் பூமிமேல் விழுந்துகொண்டிருக்கின்றன. வெட்டவெளியில் கிடக்கும் பாறைமேல் அவை படும்போது, அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லுக்குள் பெரிலியம்-10 என்று ஓர் அணு மிகக் கொஞ்சமாக உண்டாகிறது. வெயிலில் நின்றவன் கறுக்கிற மாதிரி. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கல் எத்தனை காலம் வானம் பார்த்துக் கிடந்தது என்று சொல்லிவிடலாம். மேலே நானூறு மீட்டர் பனி மூடியிருந்தால் கதிர் உள்ளே போகாது, ஒன்றும் சேராது. ஆகவே பனியைத் துளைத்து அடிப்பாறையில் துண்டு எடுத்து, அதில் இந்த அணு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால், ஒரு காலத்தில் அங்கே பனி இல்லை. முன்பு எப்போது உருகியது என்று தெரிந்தால் இனி எப்போது உருகும் என்றும், கடல் எவ்வளவு ஏறும் என்றும் சொல்லலாமாம். நல்ல விஞ்ஞானம். இதை நான் கேலி செய்ய மாட்டேன். கேலிக்கு வேறு ஆள் இருந்தார்.

டாக்டர் திருஞானசம்பந்தம் எங்கள் ஆய்வுக்கூடத்தின் டைரக்டர். பல நாட்டார் சேர்ந்த ஒரு குழுவோடு தென் துருவத்துக்குப் பத்தொன்பது நாள் போய் வந்தார். துளை போட்டவர்கள் வேறு, பாறையை வெளியே எடுத்தவர்கள் வேறு. பங்கு பிரித்ததில் இவருக்குச் சில துண்டுகள் கிடைத்தன. பத்தொன்பது நாள், ஊர் திரும்புவதற்குள் அவர் பேச்சில் நாற்பது நாளாகிவிட்டது. கல்லூரி வாசல் வரை ஃபிளெக்ஸ் கட்டினார்கள். 'பனிமலைச் செம்மலே வருக' என்று எழுதியிருந்தது. படத்தில் அவர் ஒரு பென்குவின் தோளில் கை போட்டிருந்தார். பென்குவினுக்குத் தோள் கிடையாது. ஃபிளெக்ஸ் கடைக்காரர் தாராள மனசுக்காரர், வரைந்து கொடுத்துவிட்டார்.

வந்த கற்களில் பெரியதற்குப் பொன்னாடை போர்த்துவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. யார் யாருக்கோ போர்த்துகிற ஊரில் கல்லுக்குப் போர்த்துவதில் தவறில்லை. பிள்ளையார்பாளையத்தில் முனிசாமி என்ற நெசவாளரிடம் ஆர்டர் போனது. கரையில் ஜரிகையால் பென்குவின் வேண்டும் என்றார்கள். முனிசாமி பென்குவினைக் கண்டவரில்லை. அவரிடம் இருந்தது அன்னப்பட்சி டிசைன். அதன் கழுத்தைக் குட்டையாக்கி நெய்துவிட்டார். கோட்டு மாட்டிய காக்கை மாதிரி வந்தது. கேட்டதற்கு, "குளுருல்ல சார், கழுத்த உள்ள இழுத்துக்கினு இருக்குது" என்றார். அந்த விழாவில் அறிவுபூர்வமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். பட்டுப் போர்த்திய கல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு கல்லூரி முகப்பில் அமர்ந்தது. சின்னத் துண்டுகள் வேலைக்காக எங்களிடம் வந்தன.

செம்மலுக்கும் எனக்கும் பழைய பழக்கம். முப்பது வருஷத்துக்கு முன்பு அவரிடம்தான் பி.எச்.டி.க்குப் பதிவு செய்திருந்தேன். நாலு வருஷம் கல் பொடித்தேன். ஐந்தாம் வருஷம் அவர், "ஒனக்குக் கை நல்லா இருக்குது ராஜகோபால், தலைதான் பத்தல" என்று சொல்லி ஸ்டோர் கீப்பர் வேலை வாங்கிக் கொடுத்தார். நன்றியோடு ஏற்றுக்கொண்டேன். இதில் எனக்கு வருத்தம் எதுவுமில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

இப்போது பிரவீனா. செம்மலின் ஆராய்ச்சி மாணவி. திருப்புட்குழிப் பக்கம். அப்பா சின்னப்பையன் ஜல்லி கிரஷரில் கல் உடைத்தவர். அப்பனும் கல் உடைத்தான், மகளும் கல் உடைக்கிறாள், இவளுக்கு மட்டும் ஃபெலோஷிப் என்று ஸ்டாஃப் ரூமில் ஓரிரு முறை தமாஷாகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் அங்கேதான் இருந்தாள். மற்றபடி அவளிடம் நான் எந்த வித்தியாசமும் பார்த்ததில்லை. ஆறு மாதம் தினமும் என் மேஜைக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டு முறை குடித்திருக்கிறேன்.

வேலை இதுதான்: பாறையைப் பொடித்துச் சலிக்க வேண்டும். காந்தம் வைத்துக் கறுப்புத் துகள்களை எடுக்க வேண்டும். பிறகு கண்ணாடியையே தின்கிற ஒரு ஆசிட்டில் பல முறை ஊறவைத்துக் கழுவ வேண்டும். கடைசியில் மிஞ்சுவது சர்க்கரை மாதிரி சுத்தமான குவார்ட்ஸ் மணல். நானும் செய்வேன், அவளும் செய்வாள். அவள் என்னைவிட ஒரு தடவை கூடுதலாகக் கழுவுவாள். ஏன் என்று கேட்டேன். சந்தேகமாக இருந்தது என்றாள். முப்பது வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வந்ததில்லை.

நவராத்திரிக்கு முந்தின வாரம் துறைக் கூட்டத்தில் செம்மல் பேசினார். அண்டத்தில் ஆரம்பித்து, தன்னில் முடித்து, நடுவில் ஒரு வாக்கியத்தை எங்களுக்கு ஒதுக்கினார். இந்தக் கூடத்தில் கை என்றால் அது பிரவீனாவின் கைதான், தலையும் கூடவே இருக்கிறது என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மேடையில் சொல்வதற்கெல்லாம் பொருள் தேடுகிறவன் இல்லை நான்.

அப்புறம் ஆயுத பூஜை. எங்கள் கூடத்தில் செம்மல் ஏற்படுத்திய ஒரு முறை உண்டு. தயாரான மணல் எதுவும் பூஜையில் வைக்காமல் வெளியூர் போகக் கூடாது. அன்று காலை எல்லா அலமாரியும் திறக்கப்படும். சல்லடை, காந்தம், தராசு, மணல் குப்பிகள், பதிவேடு எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை யாரும் எடுக்கக் கூடாது. பதிவேடும் பூஜையில் இருப்பதால் அன்றைக்கு அதில் எழுதவும் கூடாது. அதாவது, வருஷம் முழுக்க இரட்டைப் பூட்டுக்குள் இருக்கிற தென் துருவம் ஒரு பகலும் ஒரு இரவும் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கும். சாமி முன்னால் வைத்ததை யார் தொடப்போகிறார்கள்.

பகல் ஒன்றரை மணிக்கு எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாலாற்றங்கரையில் பழைய சீவரத்து மலை இருக்கிறது. அங்கே எடுத்த குவார்ட்ஸை மாணவர்கள் கழுவிப் பழகுவதற்காக ஒரு ஜாடியில் வைத்திருப்போம். மலையுச்சிக் கல், ஆயிரக்கணக்கான வருஷமாக வானம் பார்த்துக் கிடந்தது. தென் துருவத்து மணலும் அதுவும் பார்வைக்கு ஒரே சர்க்கரை. குப்பியில் இருந்ததைக் கொட்டிவிட்டுச் சீவரத்தை நிரப்பினேன். வெளியே சந்தனப் பொட்டு கலையவில்லை. மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கொட்டிய மணலை வராந்தாவில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பு வாளியில் போட்டேன். அதில் ஏற்கெனவே மணலும் பீடித்துண்டும் இருந்தன.

ஏன் செய்தீர்கள் என்று நேற்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு மனிதர் ஊதிக்கொண்டே போகிறார், யாராவது ஒருவர் ஊசி எடுக்க வேண்டும். அவ்வளவுதான். தப்பான எண் வரும், செம்மல் அதை மேடையில் சொல்வார், பிறகு சந்தி சிரிக்கும். இதில் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஏற்படுவதற்கில்லை என்று நினைத்தேன்.

விஜயதசமியன்று குப்பிகளுக்குச் சீல் வைத்து, வடக்கே அணு எண்ணும் இடத்துக்கு அனுப்பினார்கள். ஏழு மாதம் கழித்து எண் வந்தது: முப்பதாயிரம் ஆண்டு திறந்தவெளி. செம்மல் பத்திரிகையாளர் கூட்டம் கூட்டினார். பனி போன இடத்தில் அப்போது நெல் விளைந்திருக்குமா என்று ஒரு நிருபர் கேட்டார். வாய்ப்பை மறுப்பதற்கில்லை என்று செம்மல் பதில் சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தேன். அதைவிட நல்ல மைசூர்பாகு நான் தின்றதில்லை.

அடுத்த மூன்றாம் மாதம், குழுவில் இருந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று மிச்ச மணலை வாங்கி இன்னொரு அணுவையும் எண்ணியது. அதற்கு அலுமினியம்-26 என்று பெயர். பெரிலியத்தைவிட வேகமாக அழியக்கூடியது. பனிக்கடியில் நெடுங்காலம் புதைந்த கல்லில் அது குறைந்திருக்க வேண்டும். இதில் குறையவே இல்லை. இந்தக் கல் தன் வாழ்நாளில் ஒரு நாள்கூடப் பனிக்கு அடியில் இருந்ததாகத் தெரியவில்லை என்று ஒரே வரியில் மெயில் அனுப்பினார்கள். வெளிநாட்டுக்காரனுக்கு அலங்காரம் தெரியாது.

செம்மல் விழுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு விசாரணைக் குழு அமைத்து அதற்குத் தாமே தலைவராகிக்கொண்டார். அவருடைய திறமையை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். குப்பிகளில் பிரவீனாவின் கையெழுத்து இருந்தது. மணலைக் கழுவும்போது கொட்டிவிட்டு, பயத்தில் மாணவர்கள் பழகுகிற சீவரத்து மணலைப் போட்டு நிரப்பியிருக்கிறாள் என்று இரண்டாம் நாளே முடிவாகிவிட்டது. அவள் அழவில்லை. குப்பிகள் ஒரு பகல், ஒரு ராத்திரி பூஜையில் திறந்து இருந்தன, அதையும் விசாரிக்க வேண்டும் என்றாள். செம்மலுக்கு முகம் மாறிவிட்டது.

"சாமி முன்னாடி வெச்சத யாரும்மா தொடுவாங்க?" என்றார். "நீ பண்ணத மறைக்க பூஜையையே சந்தேகப்படறியா?"

அதுவரை அவள் மேல் கொஞ்சம் இரக்கத்தோடு இருந்த இரண்டு உறுப்பினர்களும் அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். சீவரத்து மணல் யார் பொறுப்பில் இருக்கிறது என்றார்கள். ஜாடி அலமாரிக்கு வெளியேதான் இருக்கும், மாணவர்கள் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றேன். உண்மைதான். விசாரணை முழுக்க நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை.

அவளுடைய பதிவு ரத்தாயிற்று. ஐந்து வருஷ வேலை போயிற்று. இன்னொரு இடத்தில் சேர வேண்டுமானால் சர்டிஃபிகேட் வேண்டும். அதற்கு எல்லாப் பிரிவிலும் நோ டியூஸ் கையெழுத்து வேண்டும். கடைசிக் கையெழுத்து ஸ்டோர் கீப்பருடையது.

முதலில் அவள் அப்பா வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஸ்டோர் வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"சார், கல்ல மாத்திட்டான்றாங்க. நான் முப்பது வருசம் கல்லு ஒடச்சவன். ஒரு கல்லு மாதிரி இன்னொரு கல்லு இருந்து நான் பாத்ததில்ல. அது எம் பொண்ணுக்கும் தெரியும் சார். நீங்க கூடவே பாத்துக்கினுதான இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று ஒத்துக்கொண்டேன். விசாரணை முடிந்துவிட்டது, இனி நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விளக்கினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவருடைய உச்சரிப்பை அன்று மாலை ஸ்டாஃப் ரூமில் செய்து காட்டினேன். நன்றாக வந்தது.

பிறகு பிரவீனாவே நோ டியூஸ் படிவத்தோடு வந்தாள். பழைய மணலில் ஒரு சிட்டிகையாவது எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், வராந்தாவில் அந்தச் சிவப்பு வாளி தொங்கிக்கொண்டிருந்தது. படிவத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டு, சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் ஆசிட் ரூம் சாவி கிடைக்குமா என்றாள். பட்டுக்குள் உட்கார்ந்திருந்த கல்லின் பின்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் அளவு உடைத்து எடுத்திருந்தாள். பொன்னாடை மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கல்லூரியில் தென் துருவத்துக் கல் மிச்சம் இருந்த ஒரே இடம் அதுதான். அதைச் சுத்தம் செய்து, வேறோர் ஆய்வுக்கூடத்துக்குத் தானே அனுப்பப்போவதாகச் சொன்னாள். அதில் பெரிலியம் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், தான் கொடுத்த மணல் இதுவல்ல, யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று நிரூபணமாகிவிடும்.

சரியான யோசனை. தலையும் கூடவே இருக்கிறது என்று செம்மல் சொன்னது வீண்பேச்சு இல்லை என்று அப்போது தெரிந்தது. சாவி கொடுத்தேன். பரிதாபப்பட்டுத்தான் கொடுத்தேன். புதுக் கையுறை கேட்டாள். நீக்கப்பட்டவர்களுக்கு ஸ்டோரிலிருந்து பொருள் வழங்க விதியில்லை என்பதால் கொடுக்கவில்லை. மூலையில் கிடந்த பழையதைப் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்டோருக்கு வந்தாள். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நனைந்திருந்தது. குழாயில் கழுவிவிட்டு வந்திருந்தாள். இடது கையில் மணல் குப்பி.

"ஆசிட் பட்டுடுச்சு சார். வலி இன்னும் வரல. ஜெல் குடுங்க சார்."

அந்த ஆசிட்டைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சாதாரண ஆசிட் மாதிரி தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆரம்பத்தில் வலிகூட இருக்காது. சில மணி நேரத்தில் இதயம் நிற்கலாம். அதற்காகவே ஒரு ஜெல் உண்டு. உடனே தடவிவிட்டு, எந்த ஆசிட் என்று டாக்டரிடம் சொன்னால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். ஜெல் என் டிராயரில் இருந்தது. புதியது. தீர்ந்துவிட்டது என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எந்த ஆசிட் என்று சொல்ல வேண்டாம் என்றேன். சொன்னால் எங்கே பட்டது, எதற்கு உள்ளே போனாய் என்று வரும், கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், திருட்டுக் கேஸ் ஆகும், சர்டிஃபிகேட் வராது என்றேன். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் என்று சொல்லிவிடு என்றேன். அவளுடைய படிவம் கையெழுத்தில்லாமல் என் மேஜைமேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"திங்கக்கெழம கையெழுத்து போட்டுடுவீங்கல்ல சார்?"

போடுகிறேன் என்றேன். குப்பியை என்னிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள் சார், அனுப்ப வேண்டும் என்றாள். ஷேர் ஆட்டோ பிடித்துத் தானே போனாள். ஆஸ்பத்திரியில் நான் சொன்னபடியே சொன்னாள். அவர்களும் அதற்கு உரிய வைத்தியத்தைச் செய்தார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துபோனாள். அவள் கொடுத்த மணலைச் சனிக்கிழமை மதியமே வாளியில் போட்டுவிட்டேன். அதில் இன்னும் இடம் இருந்தது.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. 'பனிமலைச் செம்மல் தலைமையில்' என்று ஃபிளெக்ஸ் போட்டிருந்தார்கள். அதில் அவர் படம் ஆறடி, பிரவீனாவின் படம் பாஸ்போர்ட் அளவு. அறிவியலுக்காக உயிர் நீத்த மாணவி என்று பேசினார். அவளை நீக்கியவர் அவர்தான் என்பது அவருக்கே மறந்துவிட்டது. இப்படிப்பட்ட மனிதரைத் தட்டிவைக்க நினைத்தது குற்றமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பிறகு சின்னப்பையன் புகார் கொடுத்தார். அவளுடைய செல்போனில், ஜெல் இல்லை என்று ராஜகோபால் சார் சொன்னதாக வீட்டுக்கு அனுப்பிய மெசேஜ் இருந்தது. உங்கள் ஆட்கள் என் டிராயரைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நேற்று நீங்கள் கடைசியாக ஒன்று கேட்டீர்கள். நான் தண்ணீர் கேட்டேன். திருஞானசம்பந்தத்தை இறக்கத்தானே இவ்வளவும் செய்தீர்கள், அப்புறம் அவர் எப்படி டைரக்டராகவே இருக்கிறார் என்றீர்கள்.

பூஜையில் அன்று எட்டுக் குப்பிகள் இருந்தன. எட்டும் அவர் கொண்டுவந்த கல். ஐந்தை நான் தயாரித்திருந்தேன், மூன்றைப் பிரவீனா. என்னுடைய ஐந்திலும் ஒன்றுமில்லை என்று சரியாகவே எண் வந்தது. செம்மல் அதை மேடையில் சொல்லவில்லை. ஒன்றுமில்லாததற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். விசாரணைக் குழு மட்டும் அந்த ஐந்தையும் பார்த்துவிட்டு, ராஜகோபாலின் தயாரிப்பு சர்வதேசத் தரம் என்று எழுதியது. சீவரத்து மணல் எட்டுக் குப்பிக்கும் போதுமான அளவு ஜாடியில் இருந்தது. எட்டையும் மாற்றியிருந்தால் கல்லைக் கொண்டுவந்தவரைத் தவிர வேறு யாரையும் கேட்டிருக்க முடியாது.

நான் மாற்றியது பிரவீனா கையெழுத்துப் போட்ட மூன்றை மட்டும்.